எண்ணெய் பாய்லர் வேலைக்கு ஆஃப்டெக் பதிவும் சுயச் சான்றும்: புதியவர்களுக்கான செய்முறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிவாயுக் குழாய் எட்டாத கிராமங்களில் பல வீடுகளைச் சூடாக்குவது மண்ணெண்ணெய்தான். தோட்டத்து மூலையில் பச்சை நிற பிளாஸ்டிக் டேங்க், அதிலிருந்து செப்புக் குழாய், சமையலறையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ ஒரு பாய்லர். லண்டனில் கேஸ் வேலை பார்த்துப் பழகியவர் நோர்ஃபோக் பக்கமோ வேல்ஸ் பக்கமோ முதல் எண்ணெய் வேலையை ஒப்புக்கொள்ளும்போது, கேஸ் சேஃப் அட்டையே போதும் என்று நினைத்துவிடுவது உண்டு. போதாது. அது எரிவாயுவுக்கு மட்டும்.

சட்டமும் இரண்டுக்கும் வேறு. பதிவில்லாமல் பிறர் வீட்டில் கேஸ் வேலை பார்ப்பது குற்றம். எண்ணெய் வேலைக்கு அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் கட்டட விதிகள் உண்டு, குறிப்பாக எரி சாதனங்களையும் எரிபொருள் சேமிப்பையும் பற்றிய ஜே பகுதி. எனவே வழிகள் இரண்டு: வேலை தொடங்கும் முன்பே உள்ளூர் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறிவித்து, கட்டணம் கட்டி, அவர்கள் வந்து பார்க்கும்படி விடலாம். அல்லது அங்கீகாரம் பெற்ற ஒரு திட்டத்தில் பதிந்துகொண்டு, விதிப்படி முடித்தேன் என்று நீங்களே சான்று தரலாம். இரண்டாவதுதான் சுயச் சான்று. கவுன்சில் ஆய்வாளர் பார்க்க வேண்டியதை நீங்கள் பார்த்துவிட்டதாக அதற்குப் பொருள். இதை வெறும் காகித வேலையாக எடுத்துக்கொள்பவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாப்பிட், ஏபிஎச்சி போன்ற அமைப்புகளிலும் எண்ணெய் வேலைக்குப் பதியலாம். 1991-இல் தொடங்கிய ஆஃப்டெக் எண்ணெய்க்கென்றே உருவானது, பயிற்சி மையங்களும் படிவங்களும் அதை ஒட்டியே இருக்கின்றன. இங்கே அதைப் பின்பற்றுகிறோம். ஒன்று கவனம்: இந்தச் சுயச் சான்று முறை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்கு உரியது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிக் கட்டட விதிகள். எல்லை தாண்டி வேலை எடுத்தால் அந்த ஊர்க் கவுன்சிலிடம் முதலில் பேசுங்கள்.

படி 1: எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள்

ஆஃப்டெக் பதிவு என்பது ஒரே அனுமதி அல்ல. தேர்வு பெற்ற பிரிவுகளுக்கு மட்டுமே அது செல்லும். வீட்டு வேலைக்கு முக்கியமானவை நான்கு.

101 என்பது பிரஷர் ஜெட் பர்னரை, அதாவது எண்ணெயை அழுத்தத்தில் தெளித்து எரிக்கும் பர்னரை, இயக்கிச் சரிபார்ப்பதும் சர்வீஸ் செய்வதும். 102 பழைய ரேஞ்ச் குக்கர்களில் (வெப்பத்தைத் தேக்கி வைக்கும் பெரிய சமையல் அடுப்புகளில்) இருக்கும் ஆவியாக்கும் பர்னர்களுக்கு. 105ஈ பாய்லர், குக்கர் பொருத்துவதற்கு. 600ஏ வீட்டு எண்ணெய் டேங்கும் அதன் குழாயும் போடுவதற்கு.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 101 மட்டும் வைத்திருப்பவர் பாய்லரை சர்வீஸ் செய்யலாம், புதிய பாய்லரைப் பொருத்திச் சான்று தர முடியாது. 105ஈ மட்டும் வைத்திருப்பவர் பொருத்தலாம். ஆனால் எரிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட 101 உள்ள ஒருவர் வேண்டும். டேங்க்கை மாற்றும் வேலை இரண்டிலும் அடங்காது. எனவே பாய்லரையும் டேங்க்கையும் சேர்த்தே செய்ய நினைப்பவர் 101, 105ஈ, 600ஏ மூன்றையும் ஒன்றாக எடுப்பதே புத்திசாலித்தனம். ஆவியாக்கும் பர்னர் வேலை குறைந்துவருகிறது; 102-ஐ ஆள் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வெந்நீர் சிலிண்டரையும் மாற்றுகிறீர்களா? காற்றுப்போக்கில்லாத (அழுத்தத்தில் இயங்கும் மூடிய) சிலிண்டருக்கு ஜி3 என்ற வெந்நீர் விதியின் தகுதி தனி. புதிய மின்சுற்று இழுத்தால் கட்டட விதிகளில் மின்வேலை பற்றிய பி (P) பகுதியும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் அட்டை இவை எதையும் மூடிக்கொடுக்காது.

படி 2: தேர்வும் விண்ணப்பமும்

அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயிற்சியும் எழுத்து, செய்முறைத் தேர்வும் நடக்கும். பிளம்பிங் அல்லது ஹீட்டிங் பின்னணி உள்ளவர்களை மனதில் வைத்து அமைத்த குறுகிய பயிற்சி இது. குழாய் வேலையே புதிது என்றால், முதலில் பதிவு பெற்ற ஒருவருடன் சில காலம் கூடவே போய் வாருங்கள். தேர்ச்சி 5 ஆண்டுக்குச் செல்லும், பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்துடன் தேர்ச்சிச் சான்றுகள், புகைப்படம், பொதுப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் எண்ணெய் ஹீட்டிங் வேலை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "பிளம்பிங்" என்றிருந்தால் எண்ணெய் கசிந்து மண் கெடும்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். மண்ணைத் தோண்டி எடுத்துப் போகும் செலவு பாய்லரின் விலையைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

கருவிகளும் கையில் இருக்க வேண்டும்: ஃப்ளூ (புகைபோக்கி) வாயுப் பகுப்பாய்வுக் கருவி, புகைப் பம்ப், எண்ணெய் அழுத்தமானி, வெற்றிடமானி. பகுப்பாய்வுக் கருவியின் ஆண்டு அளவுத்திருத்தச் சான்றின் தேதியை ஆஃப்டெக் ஆய்வாளர் கேட்பார்.

படி 3: வேலைக்கு முன் டேங்க் இடத்தை அளங்கள்

எண்ணெய் வேலையில் பணமும் வம்பும் பாய்லரில் இல்லை, டேங்க்கில். விலை சொல்லும் முன்பே டிஐ/133டி என்ற இடர் மதிப்பீட்டுப் படிவத்தை இடத்தில் நின்றபடி நிரப்புங்கள். தீ, மாசு என இரண்டு பகுதி அதில் உண்டு.

முதலில் தீ. இதில் அஞ்சுவது டேங்க் பற்றிக்கொள்வதை அல்ல. வீட்டிலோ வேலியிலோ பற்றும் தீ டேங்க்குக்குப் போய்ச் சேருவதை. அதனால்தான் இடைவெளிகள். தீத் தாங்காத கட்டடச் சுவர், கூரை விளிம்பு, கதவு, ஜன்னல், பாய்லர், ஃப்ளூ முனை இவற்றிலிருந்து 1.8 மீட்டர். மரவேலி போன்ற எல்லையிலிருந்து 760 மி.மீ. எல்லையாக அமையாத மறைப்புத் தட்டி என்றால் 600 மி.மீ.

ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். பழைய டேங்க் வேலியிலிருந்து 500 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதே இடத்தில் அதே அளவு புது டேங்க் வைத்துவிடலாம் என்று வாடிக்கையாளர் சொல்வார். "இருபது வருஷமா அங்கதான் இருந்துச்சு" என்பார். புது டேங்க் வைத்த நாளிலிருந்து அது புதிய வேலை, இன்றைய விதிதான் அதற்கு. நகர்த்த இடமில்லை என்றால் டேங்க்குக்கும் வேலிக்கும் நடுவே 30 நிமிடம் தீயைத் தாங்கும் சுவர் வேண்டும். டேங்க்கைவிட 300 மி.மீ. உயரமாகவும், பக்கவாட்டில் 300 மி.மீ. கூடுதலாகவும். அடித்தளமும் டேங்க்கைச் சுற்றி 300 மி.மீ. நீண்டிருக்க வேண்டும்: 100 மி.மீ. கான்கிரீட், அல்லது 42 மி.மீ. நடைபாதைப் பலகை. மரக்கட்டை அடுக்கி மேலே வைத்தால் பிளாஸ்டிக் வயிறு இறங்கி அடியில் விரிசல் விடும்.

அடுத்து மாசு. டேங்க் கொள்ளளவு 2,500 லிட்டரைத் தாண்டினால் இரட்டைச் சுவர் டேங்க் அல்லது கசியும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டிக்கட்டு கட்டாயம். அது கொள்ளளவின் 110% பிடிக்க வேண்டும். ஆனால் 1,200 லிட்டர் சின்ன டேங்க்குக்கும் பல நேரம் அது கட்டாயமாகிவிடும்: ஆறு, ஓடை 10 மீட்டருக்குள் இருந்தால், கிணறோ ஆழ்துளைக் கிணறோ ஊற்றோ 50 மீட்டருக்குள் இருந்தால், சிந்தும் எண்ணெய் சாக்கடை வாயிலோ தளர்ந்த ஆள்துளை மூடியிலோ இறங்க வழியிருந்தால், எண்ணெய் ஊற்றும் இடத்திலிருந்து டேங்க்கின் காற்றுக்குழாய் முனை தெரியாவிட்டால். கிராமத்து வீடுகளில் இதில் ஏதாவது ஒன்று இருந்தே தீரும். எங்களைக் கேட்டால், ஒற்றைச் சுவர் டேங்க்குக்கு விலை சொல்வதையே விட்டுவிடுங்கள்.

படி 4: பொருத்தும்போது தவறும் இடங்கள்

எண்ணெய்க் குழாயில் ஈயப் பற்றவைப்பு கூடாது. தீயில் உருகி எண்ணெயைக் கொட்டும். கம்ப்ரஷன் அல்லது ஃப்ளேர் இணைப்பு மட்டும். திருகு மரையில் டெஃப்ளான் டேப் சுற்றும் பழக்கத்தை விடுங்கள், மண்ணெண்ணெய் தாங்கும் பேஸ்ட் போடுங்கள்.

தீ வால்வு, அதாவது அதிகச் சூட்டில் எண்ணெயைத் தானே அடைக்கும் வால்வு, வீட்டுக்கு வெளியே, குழாய் சுவருக்குள் நுழையும் முன் இருக்க வேண்டும். அதன் உணரி பாய்லர் உறைக்குள் பர்னருக்கு மேலே. பாய்லருக்கு 65 டிகிரி வால்வு, வெப்பம் தேங்கும் ரேஞ்ச் குக்கருக்கு 90 டிகிரி. குக்கரில் 65-ஐப் போட்டால் தீ இல்லாமலே வால்வு மூடிக்கொண்டு, "அடுப்பு அணைந்துவிட்டது" என்று அடிக்கடி அழைப்பு வரும்.

பிரஷர் ஜெட் பாய்லரின் தாழ்நிலை ஃப்ளூ முனை ஜன்னல், காற்றுச்செங்கல் போன்ற திறப்புகளிலிருந்து 600 மி.மீ., தரையிலிருந்து 300 மி.மீ., டேங்க்கிலிருந்து 1.8 மீட்டர்.

படி 5: இயக்கிச் சரிபார்த்தல்

பர்னரில் எண்ணெயைத் தெளிக்கும் முனையான நாசிலில் பொறித்த அளவு 100 பிஎஸ்ஐ, அதாவது 6.9 பார் அழுத்தத்துக்கானது. மணிக்கு 0.55 அமெரிக்க கேலன் நாசில் 10 பாரில் சுமார் 0.66 கேலன், 2.5 லிட்டர் விடும். லிட்டருக்கு 10.35 கிலோவாட் மணி என்று வைத்தால் உள்ளீடு 26 கிலோவாட்டை ஒட்டி வரும். ஆகவே அழுத்தமானி மாட்டாமல் "சரியாத்தான் எரியுது" என்று விட்டால் பாய்லர் எவ்வளவு எரிக்கிறது என்பதே தெரியாது. பாய்லர் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள நாசிலும் அழுத்தமும் ஒரு ஜோடி, ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது.

பாய்லர் நன்றாகச் சூடேறிய பின் முதலில் புகைச் சோதனை: பம்பை 10 முறை இழுத்து, வடிதாளின் கறையை அளவட்டையோடு ஒப்பிடுங்கள். 0 அல்லது 1 வர வேண்டும். அதற்குப் பிறகே பகுப்பாய்வுக் கருவியை நுழையுங்கள். முறை மாறினால் கரி உள்ளே ஏறிக் கருவி கெடும். கார்பன் டை ஆக்சைடை கையேட்டு எண்ணுக்குக் கொண்டுவந்து, உறையை மாட்டி மறுபடி அளங்கள். உறை காற்றோட்டத்தை மாற்றும், எண் நகரும்.

படி 6: படிவமும் அறிவிப்பும்

பொருத்தியதற்கு சிடி/10, இயக்கியதற்கு சிடி/11. வாடகை வீட்டின் சோதனைக்கு சிடி/12. அளந்த எண்ணை அளந்த இடத்திலேயே எழுதுங்கள். எல்லாப் படிவத்திலும் ஒரே எண் இருந்தால் ஆய்வாளருக்கு உடனே சந்தேகம் வரும். ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒன்று உங்களுக்கு. டிஐ/133டி-யும் பகுப்பாய்வுக் கருவி அச்சிட்ட சீட்டும் அதனுடன் கிடக்கட்டும். அந்தச் சீட்டின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றே படம் எடுத்து வையுங்கள்.

பிறகு ஆஃப்டெக் இணையதளத்தில் வேலையை அறிவியுங்கள். முகவரி, முடிந்த தேதி, செய்த வேலை, செய்தவரின் பதிவு எண். வேலை முடிந்து 30 நாளுக்குள் வீட்டுக்காரருக்குச் சான்றும் கவுன்சிலுக்குத் தகவலும் போய்ச் சேர வேண்டும். எனவே முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பாய்லர் மாற்றம், டேங்க் மாற்றம், புதுக் குழாய் எல்லாம் அறிவிக்க வேண்டியவை. வருடாந்திர சர்வீஸ் அறிவிக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்யாத வேலைக்கு ஒருபோதும் சான்று தராதீர்கள். "என் மச்சான் மாட்டினான், நீங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று கேட்பவர்கள் வருவார்கள். அவர்கள் கவுன்சிலில் முறைப்படுத்தல் விண்ணப்பம் போட வேண்டும், அது உங்கள் வேலை இல்லை. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் இந்தச் சான்றைக் கேட்பார். இல்லாவிட்டால் அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். இங்கிலாந்தில் விதி மீறிய வேலையைத் திருத்தச் சொல்லிக் கவுன்சில் அறிவிப்பு தர முன்பு 12 மாதக் காலவரம்பு இருந்தது. 2023 அக்டோபரில் அது 10 ஆண்டாக நீண்டது.

படி 7: ஆய்வு

ஆஃப்டெக் ஆய்வாளர் நீங்கள் முடித்த வேலைகளில் சிலவற்றை நேரில் பார்ப்பார். வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும் என்பதால், வேலை முடிக்கும்போதே இப்படி ஒருவர் வரலாம் என்று சொல்லி வையுங்கள். அவர் முதலில் பார்ப்பது டேங்க் இடைவெளி, தீ வால்வு இருக்கும் இடம், பிறகு படிவம். குறை கண்டால் திருத்த அவகாசம் தருவார். திருத்தியதைப் படத்துடன் அனுப்புங்கள். காப்பீடு, பதிவு, கருவிச் சான்று மூன்றின் கடைசித் தேதிகளையும் ஒரே மாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்தால் போதும்.