புல் வெட்டும் மெஷின் பிளேடுக்குச் சாணை பிடிக்க எந்த கிரைண்டர் வாங்கலாம்? பக்க வருமானத்துக்கு ஒரு செய்முறை

குமுளி, தேக்கடிப் பக்கம் விடுதிக்கு விடுதி புல்தரை இருக்கிறது. மலைக்குக் கீழே கூடலூர், கம்பத்தில் தென்னந்தோப்புக்கு பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிக்கொண்டு புதர் வெட்டும் மெஷின்), மாடு வைத்திருப்பவர்களிடம் தீவனம் வெட்டும் மெஷின். ஜூனில் மழை பிடித்துவிட்டால் மேலே புல் நிற்காமல் வளரும். பிளேடும் நிற்காமல் மழுங்கும். கத்தி, அரிவாளுக்குச் சாணை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சுழலும் பிளேடை எடை பார்த்துச் சரிசெய்து தருபவர் அரிது. அதனால் பாதிப் பேர் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பிளேடு மாட்டுகிறார்கள். நமக்கு வேலை கிடைப்பது அந்த இடத்தில்தான்.

என்ன வாங்குவது

கடையில் போய் வெறுமனே "கிரைண்டர்" என்று கேட்காதீர்கள், இட்லி மாவு ஆட்டுவதைக் காட்டுவார்கள். "ஏஜி ஃபோர்" என்று கேளுங்கள். நாலு இஞ்ச் வட்டு மாட்டும் ஆங்கிள் கிரைண்டர் அது. மேசையில் பொருத்தும் பெஞ்ச் கிரைண்டரா, ஏஜி ஃபோரா என்று பலரும் குழம்புகிறார்கள். முதலில் ஏஜி ஃபோர்தான். புல் மெஷினின் பிளேடு 18 முதல் 21 இஞ்ச் வரை நீளம் இருக்கும். ஆறு இஞ்ச் பெஞ்ச் கிரைண்டரில் அதை வைத்தால் ஒரு முனை மோட்டாரில் இடிக்கும், சாய்மானமும் கைக்கு வராது. அதோடு, விடுதிக்காரர் பிளேடைக் கழற்றி நம் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார். நாம்தான் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தீவன மெஷின் பிளேடு அதிகமாக வர ஆரம்பித்த பிறகு பெஞ்ச் கிரைண்டர் வாங்கிக்கொள்ளலாம்.

650 வாட்டுக்குக் குறையாமல் பாருங்கள். பாஷ், மகிட்டா இரண்டுக்கும், மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ் சின்ன ஊரிலும் கிடைக்கும். பெயர் தெரியாத மெஷின் விலையில் பாதிதான், ஆனால் கார்பன் தேய்ந்ததும் அதைப் பரணில் போட வேண்டியதுதான். பக்கவாட்டில் தள்ளும் ஸ்விட்சை விட, அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் ஸ்விட்ச் எனக்குப் பிடிக்கும். கை நழுவினால் தானே நின்றுவிடும்.

வட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். நமக்கு வேண்டியது 60 அல்லது 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க், அதாவது உப்புத்தாள் துண்டுகளை அடுக்கி ஒட்டிய வட்டு. கனமான கிரைண்டிங் வீல் இரும்பை வேகமாகத் தின்னும், சூடும் ஏற்றும். பெரிய பள்ளம் விழுந்த பிளேடுக்கு மட்டும் அதை எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கட்டிங் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவே கூடாது, வெடித்துச் சிதறும். வட்டின் மேல் போட்டிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தை விட அதிகமாக இருக்க வேண்டும். ஏஜி ஃபோர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும், நல்ல நாலு இஞ்ச் வட்டில் 15,000-க்கு மேல் அச்சிட்டிருக்கும். கட்டிங் வீல், கிரைண்டிங் வீல் வாங்கும்போது நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கிறதா பாருங்கள். இவற்றின் துகள்களை ஒட்டிப் பிடித்திருப்பது பிசின். மலையின் ஈரக் காற்றில் திறந்து கிடந்தால் பலம் குறையும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

இவை போக பிளேடை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், முகம் முழுக்க மறைக்கும் கவசம், தட்டை அரம், மார்க்கர் பேனா, ஒரு வாளி தண்ணீர். வேட்டி, கைலியோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். தோளில் துண்டும் வேண்டாம்.

கழற்றுவது

பெட்ரோல் மெஷின் என்றால் முதலில் ஸ்பார்க் பிளக் கேப்பைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். கரண்ட் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் விடுதி முழுக்கப் புகை.

புல் மெஷின் போல்ட் பெரும்பாலும் சாதாரண மரைதான். பிரஷ் கட்டரில் உள்ள நட்டு இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். கியர் தலையில் ஒரு துளை இருக்கும், அதில் ஆலன் கீயைச் செருகினால் தண்டு சுற்றாமல் நிற்கும். இது தெரியாமல் பைப் போட்டு எதிர்ப்பக்கம் நெம்பி மரையை அறுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

பிளேடு கைக்கு வந்ததும் சாணைக்கு முன்னால் பாருங்கள். காற்றை மேலே இழுக்கும் மடிப்புப் பகுதி மண் தேய்த்துத் தேய்த்துத் தகடாகியிருந்தால், விரிசல் இருந்தால், கண்ணாடிமேல் வைத்தால் ஆடினால், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காசு நமக்கு வேண்டாம்.

தீட்டுவது

சாய்மானம் 30 டிகிரி. தகரத்தில் 10 செ.மீ. நீளம், 5.8 செ.மீ. உயரத்துக்கு ஒரு செங்கோண முக்கோணம் வெட்டி வைத்துக்கொண்டால் அளவு பார்க்கும் கருவி தயார். பழைய சாய்மானத்தின் மேல் மார்க்கரால் மை பூசுங்கள். ஒருமுறை ஓட்டியதும் மை எங்கே போயிருக்கிறது, எங்கே மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

மேல்பக்கம் மட்டும் தீட்ட வேண்டும். அடிப்பக்கத்தைத் தொடக் கூடாது. உள்ளிருந்து முனை நோக்கி, அழுத்தாமல், ஒரே இழுப்பாக. ஒரே இடத்தில் நிறுத்தினால் விளிம்பு முதலில் வைக்கோல் நிறமாகும், அப்புறம் நீலம். நீலம் வந்துவிட்டால் கிட்டத்தட்ட 300 டிகிரி தொட்டு, அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பார்க்கக் கூராகத்தான் இருக்கும், இரண்டே நாளில் மடங்கும். கை பொறுக்காத சூடு வந்ததுமே தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

முகம் மழிக்கும் கூர் தேவையில்லை. விளிம்பில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, நாலு ஏ4 தாள் அடுக்கிய கனம் இருக்கட்டும். அதை விட மெலிந்தால் முதல் கல்லிலேயே பல் விழும். அடியில் நிற்கும் பிசிரை அரத்தால் ஒரே தடவை தட்டையாக எடுத்தால் போதும்.

விடுதியில் வைத்துத் தீட்டினால் டைல்ஸ், கண்ணாடி, நிறுத்தியிருக்கும் கார் பக்கம் பொறி போகாமல் பாருங்கள். இரும்புப் பொறி அவற்றில் ஒட்டி, மழையில் துருப் புள்ளியாகும். பெட்ரோல் கேன் இருக்கும் பக்கமே போகாதீர்கள்.

எடை பார்ப்பது

கூர் ஏற்றுவதை எவரும் பழகிவிடலாம். எனக்குப் பிடிபட நேரம் எடுத்தது இதுதான். ஒரு முனை கொஞ்சம் கனத்தாலும் மெஷின் உதறும், பேரிங் போகும், கடைசியில் கிராங்க் தண்டுக்கே வேலை வரும்.

சுவரில் ஆணி அடித்து நடுத்துளையில் மாட்டி, தாழும் பக்கத்தைத் தேய்க்கச் சொல்வார்கள். இதில் ஒரு சூது இருக்கிறது. துளை பெரிதாகவும் ஆணி மெலிதாகவும் இருந்தால் பிளேடு துளையின் மேல் விளிம்பில் தொங்கும். அப்போது சிறிய வித்தியாசம் வெளியே தெரியாது, சமமாக இருப்பதுபோல் நிற்கும். அதனால் துளைக்குள் ஏறக்குறைய நிறையும் வழவழப்பான கம்பியில் மாட்டுங்கள். லேத் பட்டறையில் ஒரு கூம்பு கடைந்து வாங்கினால் இன்னும் நல்லது, எல்லா அளவுத் துளைக்கும் உட்காரும்.

மாட்டும் முன் ஒட்டியிருக்கும் புல்லையும் மண்ணையும் சுரண்டுங்கள். ஒரு முனையில் மார்க்கரால் குறி போடுங்கள். படுக்கையாக வைத்து விடுங்கள். எது தாழ்கிறது? இப்போது பிளேடை முன்பின்னாகத் திருப்பி மாட்டி மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் குறி போட்ட முனையே தாழ்ந்தால் அது உண்மையிலேயே கனம். எப்படி மாட்டினாலும் இடது கைப் பக்கமே தாழ்ந்தால் கோளாறு கம்பியில், பிளேடில் இல்லை. கனத்த பக்கத்தின் வெட்டும் விளிம்பில் இரண்டு இழுப்பு, மறுபடி தொங்கவிடுதல். எந்தப் பக்கமும் தாழாமல் படுக்கையாக நிற்கும் வரை இதேதான்.

பின்னர் சேர்த்தது

பிரஷ் கட்டரில் மாட்டும் 80 பல் பிளேடு பற்றிப் பலர் கேட்டார்கள். அதன் பல் நுனியில் ஒட்டியிருப்பது கார்பைடு, இரும்பை விட மிகக் கடினமானது. ஃபிளாப் டிஸ்க் அதை ஒன்றும் செய்யாது, வைரத்தூள் வட்டு வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் எடுக்க வேண்டாம். உருளை வடிவில் சுழலும் பழைய ரீல் மெஷினும் அப்படித்தான், அதன் தீட்டல் முறையே வேறு. பிரஷ் கட்டரின் மூன்று பல் பிளேடு பெரும்பாலும் இருபுறமும் கூர் உள்ளது. சாணைக்கு முன் திருப்பி மாட்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் ஒரு கூலி போகும், ஆள் நம்மிடமே வருவார்.

கூலி

புது பிளேடு விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். நேரில் போனால் பெட்ரோல் காசு தனி. மேனேஜரிடம் பேசும் முன் புல்தரையில் ஒரு புல்லைப் பிடுங்கி நுனியைக் காட்டுங்கள். மழுங்கிய பிளேடு வெட்டாது, பிய்க்கும். நுனி நார் நாராகப் பிரிந்து வெளுத்திருக்கும். வேறு விளம்பரம் எதற்கு? 20 முதல் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்று முறை வைத்துக்கொண்டால் மழைக்காலம் முழுக்க வேலை உண்டு.

பெரிய விடுதிகள் பில் கேட்கும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, லோயர் கேம்ப் தாண்டி மேலே கேரளத்துக்குள் போய்ச் செய்தாலும் அதே கணக்குதான்.