சாம்பல் பட்டையை அணைக்காதீர்கள்: பழைய பிளாஸ்மா டிவி வாங்குகிறவர்களுக்கு

போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் செகண்ட் ஹேண்டில் 50 இன்ச் பிளாஸ்மா டிவி, அதாவது இப்போது யாரும் தயாரிக்காத ஒரு பழைய ரகத் தட்டை டிவி, வாங்கினான். பழைய வீடியோ கேம் ஆட அதுதான் தோது என்று எங்கோ படித்திருக்கிறான். படித்ததில் தப்பில்லை. வேகமாக நகரும் படம் பிளாஸ்மாவில் இழுபடாது. கறுப்பு ஓரளவு கறுப்பாகவே இருக்கும். ஓரமாக உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் அவன் அதை வாங்கிய விதம், தூக்கி வந்த விதம், வைத்த இடம், செய்த செட்டிங் எல்லாமே 15 வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே செய்திச் சேனலை நாள் முழுக்க ஓடவிட்டால் லோகோ தடம் விழும், ஆணி சரியாக அடிக்காவிட்டால் டிவி கீழே விழும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"புதுசு மாதிரி" என்பதை நம்புவது

பயோனியர் 2009லேயே டிவி தயாரிப்பை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. பானசோனிக் 2013 கடைசியோடு பிளாஸ்மாவை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014இல் மூட்டை கட்டின. ஆகவே இன்று உங்கள் கைக்கு வரும் எந்த பிளாஸ்மாவும் பத்து வயதைத் தாண்டியதுதான். அட்டைப் பெட்டி பிரிக்காமல் கிடந்தாலும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டருக்கு வயதாகியிருக்கும்.

கார்ட்டூன் ஓடும்போது விலை பேசுவது

விற்கிறவர் எப்போதும் பளபளவென்று நகரும் படத்தைத்தான் போட்டுக் காட்டுவார். மீன் நீந்தும், பூ விரியும். அதில் எந்தத் தழும்பும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பென் டிரைவில் வெறும் சிவப்பு, வெறும் பச்சை, வெறும் நீலம், வெள்ளை, சாம்பல் என்று ஐந்து படங்களைப் போட்டு எடுத்துப் போங்கள். டிவியில் யூஎஸ்பி இல்லாவிட்டால் ஒரு லேப்டாப்பும் எச்டிஎம்ஐ வயரும் போதும். ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க வைத்து, விளக்கை அணைத்துப் பாருங்கள். முந்தைய வீட்டில் என்ன சேனல் பார்த்தார்கள் என்பது வரை தெரிந்துவிடும்.

அப்புறம் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். சில போர்டுகள் சூடேறிய பிறகுதான் தகராறு செய்யும். "நேரமில்லை சார்" என்று விற்கிறவர் அவசரப்படுத்தினால் உங்களுக்கும் நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

படுக்க வைத்து ஏற்றுவது

என் இரண்டாவது பிளாஸ்மாவை மெத்தை விரித்து, அதன் மேல் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தி, வண்டியில் கொண்டு வந்தேன். பிளாஸ்மா என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள். அந்தக் காலத்து 50 இன்ச் டிவி 30 கிலோவுக்கு மேலேயே இருக்கும். நிமிர்த்தி வைத்தால் அந்த எடையைச் சட்டம் தாங்கும். படுக்க வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடியின் நடுப்பகுதி தொய்ந்து எழும்பும். வீட்டில் வந்து இறக்கியபோது கீழ் மூலையிலிருந்து முடி கனத்தில் ஒரு விரிசல். அது மேல்கண்ணாடியில் இல்லை, உள்ளே இருந்தது. பிளக்கைச் செருகியதும் உள்ளே சடசடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நிமிர்த்தி, இருக்கையோடு சேர்த்துக் கட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

பட்டையைக் கறுப்பாக்குவது

இது இன்னும் ஆறவில்லை. தெரியாத்தனமாகச் செய்திருந்தால் மறந்திருப்பேன். ரொம்பத் தெரிந்தவனாக இருந்ததால் செய்தேன்.

என் முதல் பிளாஸ்மா புதிது. அப்போது எத்தனையோ சேனல்கள் 4:3 அளவில், அதாவது பழைய டிவியின் கிட்டத்தட்டச் சதுரமான அளவில்தான் வந்தன. நான் சேர்த்து வைத்திருந்த பழைய பட டிவிடிகளும் அப்படியே. வீட்டுக்கு வருகிறவர்கள் ரிமோட்டை எடுத்துப் படத்தைத் திரை முழுக்க இழுத்துவிடுவார்கள். கதாநாயகன் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். நான் வெடுக்கென்று ரிமோட்டைப் பிடுங்கிப் பழையபடி மாற்றிவிட்டு, எடுத்தது எடுத்தபடிதான் பார்க்க வேண்டும் என்று ஒரு பிரசங்கமும் செய்வேன்.

அப்படிப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் டிவி தானாகவே சாம்பல் நிறப் பட்டை போட்டது. அசிங்கமாக இருந்தது. இரண்டு சிமெண்ட் தூணுக்கு நடுவே எட்டிப் பார்ப்பது போல. மெனுவைத் தோண்டி அதைக் கறுப்பாக்கினேன். விளக்கை அணைத்தால் பட்டையே தெரியவில்லை, இருட்டில் படம் மட்டும் மிதந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கடையில் வைத்திருந்த அதே விவிட் மோடில், அதாவது ஒளியும் நிறமும் தூக்கலான செட்டிங்கில், காண்ட்ராஸ்ட் உச்சியில், எட்டு மாதம் பார்த்தேன்.

ஒரு நாள் விளையாட்டு ஒளிபரப்பு. அகலப் படம், திரை முழுக்க. கேமரா மைதானத்தின் மேல் மெதுவாக நகர்கிறது. புல் நகர்கிறது. இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை, மேலிருந்து கீழாக ஒரு கோடு மட்டும் நகராமல் நிற்கிறது. வலப்பக்கமும் ஒன்று. எழுந்து போய்க் கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. டேப் வைத்து அளந்தேன், 14 செ.மீ. 50 இன்ச் திரையில் 4:3 படம் போட்டால் ஒவ்வொரு பக்கமும் மிச்சம் விழும் அகலம் சரியாக அதுதான். கோட்டுக்கு வெளியே புல் பளிச்சென்று இருந்தது. உள்ளே கொஞ்சம் மங்கி, லேசாக மஞ்சள் பூத்திருந்தது.

நடந்தது இதுதான். அந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே குட்டிக் குட்டி அறைகள். முழு எச்டி பேனலில் ஏறத்தாழ 62 லட்சம். ஒவ்வொன்றிலும் நியான், செனான் வாயு. மின்சாரம் பாயும்போது வாயு புற ஊதாக் கதிரை உமிழும், அது அறையின் சுவரில் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சில் பட்டு சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். ஒளிர்கிற ஒவ்வொரு மணி நேரமும் பாஸ்பர் துளித்துளியாகச் சோர்ந்துபோகும். புதிதாக இருக்கும்போது இன்னும் வேகமாக. நீலம் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு சோரும், அதனால்தான் அந்த மஞ்சள். என் டிவியில் நடுப்பகுதி எட்டு மாதம் உழைத்தது. ஓரங்கள் இரண்டும் கறுப்பில் உட்கார்ந்து சம்பளம் வாங்கின.

பர்ன் இன், அதாவது திரையில் நிரந்தரமாகத் தடம் விழுவது, என்றால் எல்லோரும் எரிந்த இடத்தைத் தேடுவார்கள். என் திரையில் எரியாத இடம்தான் தொல்லை. அந்த அசிங்கமான சாம்பல் பட்டையை நிறுவனம் போட்டதே ஓரத்து அறைகளும் நடுவோடு கூடவே தேயட்டும் என்றுதான். அந்த ஏற்பாட்டைத்தான் நான் வேலை மெனக்கெட்டு அணைத்திருக்கிறேன்.

சரி செய்யப் பார்த்தேன். சில மாடல்களில் திரை முழுக்க வெள்ளைப் பட்டையை ஓடவிடும் வசதி உண்டு. சற்று முன் நின்ற படத்தின் நிழல் தங்கிவிட்டால் அது அழிக்கும், அந்த நிழல் தற்காலிகம்தான். என்னுடையது நிழல் இல்லை, தேய்மானம். கடைசியில் நடுவில் கறுப்பும் இரண்டு ஓரமும் வெள்ளையுமாக ஒரு படம் வரைந்து, இரவு இரவாக அதை ஓடவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய டிவியின் நல்ல பாகத்தை நானே உட்கார்ந்து கெடுத்தேன் என்று சொல்லலாம். மூன்று வாரத்தில் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. கோடு முழுதாகப் போகவே இல்லை. வானம், பனி, மைதானம் எது வந்தாலும் என் கண் படத்தைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும். மனைவிக்கு அது தெரியவே இல்லை. காட்டிக் கொடுத்த பிறகு அவளுக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதையும் நான் செய்திருக்கக் கூடாது.

இப்போது அந்தப் பையன். அவன் ஆடுகிற கேம் எல்லாமே 4:3. நான் போனபோது பட்டை கறுப்பு, விவிட் மோட், மதியம் முழுக்க ஆட்டம். "சாம்பல் வச்சா நல்லாவே இல்லண்ணே" என்றான். நல்லா இருக்காதுதான். சாம்பலை வை, காண்ட்ராஸ்டைப் பாதிக்குக் கொண்டு வா, சினிமா மோடில் போடு, ஆடிய நேரத்துக்கு ஈடாக முழுத்திரை படமும் பார் என்றேன். பழைய பேனல் என்பதால் புதியதைப் போல மளமளவென்று தேயாது, ஆனால் தேயும். ஓலெட் டிவி வைத்திருக்கிறவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம். அங்கேயும் ஒளிர்கிற புள்ளிதான் தேய்கிறது.

ஜன்னலுக்கு எதிரே வைப்பது

முன்னால் இருப்பது கண்ணாடி. பகலில் படத்தைவிட உங்கள் திரைச்சீலையும் உங்கள் முகமும்தான் நன்றாகத் தெரியும். உடனே கை விவிட் மோடுக்குப் போகும், மேலே சொன்ன கதை ஆரம்பமாகும். அதிலும் ஒரு வேடிக்கை, திரையில் வெள்ளை அதிகமானால் மின்சாரச் செலவைக் கட்டுக்குள் வைக்க டிவியே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். வெயிலோடு மல்லுக்கட்டி பிளாஸ்மா ஜெயித்ததில்லை. டிவியை நகர்த்துங்கள்.

மின்சாரக் கணக்கு

பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண் உச்சபட்சம். இருட்டுக் காட்சிகளில் அதில் பாதிகூட ஆகாது. ஆனாலும் எல்இடி டிவியோடு ஒப்பிட்டால் தின்னிப்பண்டாரம்தான்.

பின்மூடியைத் திறப்பது

வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 200 வோல்ட் அளவுக்கு நிற்கும்.

கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே

அம்மோனியா உள்ளது எதுவும் கூடாது. மேலே பூசிய படலம் திட்டுத்திட்டாகப் போய்விடும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவே.

மலை மேல் குடியிருப்பது

2,000 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவதால் பேனல் ரீங்காரம் இடும். பழுது இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டாண்டைக் கேட்காமல் வருவது

சுவரில் மாட்டியிருந்தவர்கள் ஸ்டாண்டை எங்கே போட்டோம் என்றே மறந்திருப்பார்கள். ஸ்டாண்டும் அதன் திருகுகளும் மாடலுக்கு மாடல் வேறு. பணம் கொடுப்பதற்கு முன் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. பொருந்துகிற ஸ்டாண்ட் கிடைக்கிற வரை மூன்று வாரம் டிவி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது, நாங்கள் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம்.