ட்ரோன் ப்ரொப்பெல்லர்: எதப் பாக்கணும், எப்ப மாத்தணும்

வீடியோல படம் அலை அலையா ஆடுச்சுன்னா, அதான் ஜெல்லோன்னு சொல்வாங்களே, உடனே எல்லாரும் கேமராவ ஆடாமப் பிடிச்சுக்குற கிம்பலத்தான் திட்டுறாங்க, கேலிப்ரேஷன திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறாங்க. மொதல்ல ப்ரொப்பெல்லரப் பாருங்க சாமி. ட்ரோன்ல வெல கம்மியான பார்ட்ல அதுவும் ஒண்ணு, சீக்கிரம் அடிபடுறதும் அதான், ஒரு றெக்கைல சின்ன வெட்டு விழுந்தாலே பேலன்ஸ் போயிடும், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துற ஐட்டம்ங்கறதால அந்தச் சின்ன வித்தியாசமே மோட்டார் பேரிங், ஃப்ரேம், கேமரான்னு எல்லாத்தையும் உதற விட்டுடும். கிம்பல் மெதுவான ஆட்டத்தத்தான் சமாளிக்கும், இவ்ளோ வேகமான அதிர்வு அதுக்கு ஒத்து வராது.

கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டிடுங்க. ஆஃப் பண்ணிட்டேன்ல, அது போதும்னு இருக்காதீங்க, விரலு நம்முது.

நல்ல வெளிச்சத்துல றெக்கைய விரிச்சுட்டு, காத்தக் கிழிச்சுட்டுப் போகுமே அந்த முன் ஓரம், அதுல நகத்த வச்சு மோட்டார் பக்கத்துலேருந்து நுனி வரைக்கும் மெதுவா இழுங்க. கண்ணுக்குத் தெரியாத வெட்டுகூட நகத்துல டக்குனு மாட்டும். புல்லு, ஜல்லி மேல நேரா எறக்கி ஏத்துறவங்களுக்கு இந்த ஓரம்தான் மொதல்ல சொரசொரன்னு ஆகும், அதுக்குத்தான் லேண்டிங் பேட் வச்சுக்கச் சொல்றது, அட்டைகூடப் போதும், காத்துல பறக்காம நாலு பக்கமும் வெயிட் வச்சுடுங்க.

அடுத்து றெக்கையோட அடி, அதாவது மோட்டார் பக்கம் இருக்குற எடம். இங்க அவசரப்படாதீங்க. மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல பிடிச்சுட்டு றெக்கைய லேசா, ரொம்ப லேசா வளைச்சுப் பாருங்க. பிளாஸ்டிக்ல வெளிறின மாதிரி கோடு தெரிஞ்சு, தொடச்சும் போகலன்னா அது அழுக்கு இல்ல, அந்த எடம் வளைஞ்சு வளைஞ்சு பலம் போயிருக்கு, அடுத்தது விரிசல்தான். நுனில கீறல்னா வீடியோ கெடும், அடில விரிசல்னா றெக்கையே பிச்சுட்டுப் போயிடும், நாலு மோட்டார் ட்ரோன்ல ஒண்ணு போச்சுன்னா மிச்ச மூணால நேரா நிக்க முடியாது, சுத்திட்டே கீழதான்.

மடக்குற டைப்பா இருந்தா மூட்டையும் பாருங்க: றெக்கை ஈஸியா விரியணும், ஆனா மேல கீழ லொடலொடன்னு ஆடக்கூடாது. ஒரு பக்கம் டைட்டா இருந்தா சுத்தும்போது அது முழுசா விரியாது, அங்கயும் பேலன்ஸ் அவுட்டு. அப்படியே மோட்டாரையும் கையால சுத்திப் பாருங்க, நாலும் ஒரே மாதிரி ஃபீல் ஆகணும். ஒண்ணுல மட்டும் கரகரன்னா மண்ணு போயிருக்கும், உள்ள காந்தம் இருக்கு, இரும்புத்தூள் இருக்குற மண்ண அது நல்லாவே இழுக்கும், ஏர் ப்ளோயரால ஊதி விடுங்க.

மாத்துறப்ப நெறைய பேர் சொதப்புறது டைரக்ஷன்லதான். ரெண்டு மோட்டார் வலஞ்சுழி, ரெண்டு இடஞ்சுழி, குறுக்கு மூலைல இருக்குற ரெண்டும் ஒரே பக்கம் சுத்தும். றெக்கைலயும், மோட்டார்லயோ அதத் தாங்குற ட்ரோனோட கைலயோ கலரு, கோடுன்னு ஏதாச்சும் மார்க் இருக்கும், மார்க் இருக்குறத மார்க் இருக்குற எடத்துல போடுங்க. மாத்திப் போட்டா கெளம்புறப்பவே குப்புறக் கவுத்துடும். டிஜேஐ மினி மாதிரி ஸ்க்ரூ போடுற மாடல்ல ஒரு மோட்டார்ல இருக்குற ரெண்டு றெக்கையையும் சேத்தே மாத்திடுங்க, பழசும் புதுசும் கலந்தா வெயிட் ஒத்து வராது. பாக்கெட்ல வர்ற புது ஸ்க்ரூவையே போடுங்க, கூட வர்ற ஸ்க்ரூட்ரைவரையே யூஸ் பண்ணுங்க, தல வழுக்குற அளவுக்கு முறுக்க வேணாம். அழுத்தித் திருப்புற டைப்புன்னா மாட்டினப்புறம் மேல ஒரு தடவ இழுத்துப் பாத்தாப் போதும்.

சூப்பர் க்ளூ, டேப், உப்புத்தாள் இதெல்லாம் றெக்கை பக்கமே வேணாம். ஒட்டினது ஒட்டின மாதிரியே இருந்தாலும் வெயிட் மாறிடும். லேசா ஈரமான துணியால தொடச்சாப் போதும், தின்னர், அசிட்டோன் பட்டா சில பிளாஸ்டிக் நொறுங்குற பதத்துக்கு வந்துடும். வெயில்ல நிறுத்துன கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, பைல திணிக்கும்போது றெக்கை மடங்கி நசுங்காம ஹோல்டர் மாட்டுங்க, சூட்டுல வளைஞ்சா திரும்ப நேராகாது.

மாட்டி முடிச்சதும் ஆள் இல்லாத எடத்துல தல ஒசரத்துக்குக் கீழயே கொஞ்ச நேரம் நிக்க வச்சு, தள்ளி நின்னு சத்தத்தக் கேளுங்க. புதுசா வீல்னு ஒரு ஊளை, இல்ல உடம்பு நடுங்குறது தெரிஞ்சா எறக்கிடுங்க. கழட்டின பழச மட்டும் ஸ்பேர் டப்பால போட்டு வைக்காதீங்க, ரெண்டா ஒடச்சு குப்பைல போடுங்க, இல்லன்னா அவசரத்துல அதையே எடுத்து மாட்டிடுவீங்க.