பீரோவில் உங்கள் புடவை எது?

புடவைகளை எல்லாம் கட்டிலில் போடுங்கள். யோசிக்காமல் கை முதலில் போகும் ஐந்தை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். நிறம், கரையின் அகலம், துணியின் கனம் என்று ஐந்திலும் திரும்பத் திரும்ப வருவதுதான் உங்கள் ரசனை. அதை நம்புங்கள்.

பிடித்தும் கட்டாமல் கிடப்பவற்றில் குறை பெரும்பாலும் ரவிக்கையில்தான். போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். அக்குளில் இழுத்துப் பிடித்தால், உள்ளே விட்டிருக்கும் துணியைப் பார்த்து, பக்கத்துக்கு அரை அங்குலம் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். செட்டிநாட்டுக் காட்டன் உப்பி நின்றால் அடுத்த சலவையில் கஞ்சியைப் பாதியாகக் குறையுங்கள், கொசுவம் படியும்.

கடையில் தோளில் போட்டுப் பார்க்கும்போது "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று மனசு இழுத்தால், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வாங்காதீர்கள்.