கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை: எதிர்பார்க்க வேண்டியவையும் கவனிக்க வேண்டியவையும்

கர்ப்பகாலத்தின் 14ஆம் வாரம் தொடங்கி 27ஆம் வாரம் முடியும்வரை உள்ள காலத்தை இரண்டாம் பருவம் என்கிறோம். பெரும்பாலோருக்கு இதற்குள் மசக்கை தணிந்து, பசி திரும்பி, பகலெல்லாம் அழுத்திக்கொண்டிருந்த அசதியும் குறைந்துவிடும். உடம்பு தேறிவிட்டது என்பதாலேயே மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முக்கியமான பரிசோதனைகள் சில இந்த மாதங்களில்தான் வருகின்றன. மசக்கை இன்னும் விடாமல், எடை குறைந்துகொண்டே போனாலோ, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

18 முதல் 22 வாரங்களுக்குள் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் எடுக்கப்படும். மூளை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகங்கள், கைகால்கள் ஆகியவற்றோடு, நஞ்சுக்கொடி அமைந்திருக்கும் இடத்தையும் பனிக்குட நீரின் அளவையும் பார்ப்பார்கள். எல்லாக் குறைகளையும் இந்த ஒரு ஸ்கேனில் கண்டுபிடித்துவிட முடியாது என்றாலும், முன்கூட்டியே தெரிந்தால் பிரசவத்தையும் சிகிச்சையையும் திட்டமிட உதவும் பல செய்திகள் இதில்தான் கிடைக்கின்றன. குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் இதயம் தெளிவாகத் தெரியாது. சிறிது நடந்துவிட்டு வரும்படியோ வேறொரு நாள் வரும்படியோ சொல்வார்கள். மறுபடி வரச் சொன்னதாலேயே ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்து மனம் கலங்க வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொன்னாலும், கருப்பை வளர வளர அது பெரும்பாலோருக்குக் கருப்பை வாயிலிருந்து விலகிவிடுகிறது. பின்னர் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

குழந்தையின் முதல் அசைவு 16 முதல் 24 வாரங்களுக்குள் தெரியவரும். தலைப்பிரசவம் என்றால் 20 வாரங்கள் கடந்தபிறகே உணர்வோர் பலர். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் இருந்தால் இன்னும் தாமதமாகலாம். எல்லோரும் உதையை எதிர்பார்த்துக் காத்திருக்க, முதலில் வருவது உதையே அல்ல. அடிவயிற்றில் நீர்க்குமிழி ஒன்று உடைவதுபோல, அல்லது சிறு மீன் வாலால் தட்டி நழுவுவதுபோல ஒரு கணம் தோன்றி மறையும். வாயு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில் வேலையெல்லாம் முடித்து ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கையை வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்து பாருங்கள். 24 வாரங்களாகியும் அசைவே தெரியாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வழக்கமாக அசைந்த குழந்தையின் அசைவு குறைந்தாலோ நின்றாலோ அன்றைக்கே காட்டுங்கள். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

சுமார் 20 வாரங்களில் கருப்பையின் மேல்விளிம்பு தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு அடிவயிற்று எலும்பிலிருந்து அந்த விளிம்புவரை நாடாவால் அளப்பார்கள்: 24 வாரங்கள் என்றால் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர், இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். இப்படிக் கருப்பை வளரும்போது அதைத் தாங்கும் தசைநார்கள் இழுபடுவதால், இருமும்போதும் படுக்கையில் புரளும்போதும் இடுப்புக்குக் கீழே சுரீரென்று வலிக்கும். ஓய்வெடுத்தால் அடங்கிவிடும் வலி இது. இரத்த நாளங்கள் விரிந்து இரத்த அழுத்தம் சற்றுத் தாழ்வதால், சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். முதலில் உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் முழங்காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி மடக்கி இழுத்தால் விடுபடும். நெஞ்செரிச்சலுக்கு, சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும் சாப்பிட்டவுடன் படுக்காமல் இருப்பதும் நல்ல பலன் தரும்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காப்பியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் அது உடலில் சரியாகச் சேராது, இடைவெளி விடுங்கள். மலம் கறுத்துப் போவது இந்த மாத்திரையால்தான். மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாமல், வேறு மாற்றித் தரும்படி கேளுங்கள்.

24 முதல் 28 வாரங்களுக்குள் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் செய்து சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், இதுவரை சர்க்கரையே இல்லாதவருக்கும் இப்போது வரலாம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது என்பதால், 'எனக்கு எதற்கு?' என்று இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இரத்தப்போக்கு, நீர் கசிதல், விட்டுவிட்டு வந்து கூடிக்கொண்டே போகும் வயிற்று இறுக்கம், காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவை எந்த வாரத்திலும் உடனே கவனிக்க வேண்டியவை. 20 வாரங்களுக்குப்பின் விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவை இரத்த அழுத்தம் ஆபத்தாக உயர்ந்திருப்பதைக் காட்டக்கூடும். இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகும்போது பரிசோதனை அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, இது எத்தனையாவது வாரம், தொந்தரவு எப்போது தொடங்கியது, கடைசியாகக் குழந்தை அசைந்தது எப்போது, எந்தெந்த மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்ற நான்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.