தன் வகுப்பைத் தானே பார்க்க: மதிப்பெண் போடாத பதிவுக்கு ஒரு வழிகாட்டி

வகுப்பறையில் கேமரா வைத்தாலே ஆசிரியர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஞாபகம்தான் வரும். அந்த அச்சம் நியாயமானது. பதிவு யார் கைக்குப் போகும், அதை வைத்து யார் என்ன எழுதுவார்கள் என்று தெரியாதவரை யாராலும் இயல்பாகப் பாடம் நடத்த முடியாது. அதனால் போனைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: பதிவு ஆசிரியருக்குச் சொந்தம். பார்ப்பது, பிறருக்குக் காட்டுவது, அழிப்பது எல்லாம் அவர் விருப்பம். ஆண்டு மதிப்பீட்டுக்கோ பதவி உயர்வுக்கோ இது போகாது. தலைமையாசிரியர் இதை வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. அரைப் பக்கத்தில் எழுதி, அழிக்கும் தேதியையும் குறித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். வைத்திருக்க 30 நாள் தாராளம்.

எழுதிக் கொடுத்த வாக்கைக் கருவியே மீறிவிடக்கூடும். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் கணக்கின் கிளவுடில் ஃபைலைப் போட்டால், அந்தக் கணக்கை நிர்வகிப்பவர் நினைத்தால் அதைத் திறக்கலாம். எனவே ஆசிரியரின் சொந்த மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ வையுங்கள். போனில் புகைப்படங்கள் தானாக கிளவுடுக்கு ஏறும் வசதியைப் பதிவுக்கு முன்பே அணைத்துவிடுங்கள். பிறகு அணைத்தால் பாதி ஏற்கெனவே ஏறியிருக்கும். மாணவர்களின் பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதி தராத பிள்ளைகள் கேமராவுக்குள் வராத பக்கம் உட்காரட்டும்.

முதல் முறை ஒலி மட்டும் போதும் என்பதே எங்கள் பரிந்துரை. தன் முகத்தையும் நடையையும் திரையில் பார்க்கும் கூச்சம் இல்லை; பிள்ளைகளின் முகமும் பதிவாகாது. கேள்வி, பதில், மௌனம் மூன்றும் ஒலியிலேயே கிடைத்துவிடும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு மேல்பையில் வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஓர் அழைப்பு வந்து பதிவே நின்றுபோகும். சட்டையில் மாட்டும் சிறிய மைக் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதில் ஆசிரியர் குரல் தெளிவாகவும், கடைசி வரிசைப் பிள்ளையின் குரல் மங்கலாகவும் கேட்கும். பிள்ளைகள் பேசுவதுதான் முக்கியம் என்றால் இன்னொரு போனை நடு மேசையில் வைப்பதே வழி.

வீடியோ எடுப்பதானால் போனைக் கிடைமட்டமாக, மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் எதிரே இல்லாமல், தலை உயரத்தில் நிறுத்துங்கள். ஜன்னலைப் பார்த்து வைத்தால் எல்லோரும் நிழலுருவமாகத் தெரிவார்கள். 720பி தரம் போதும். பல போன்களில் நிமிடத்துக்கு 60 முதல் 100 எம்பி ஆகும். 20 நிமிடத்துக்கு 2 ஜிபி காலியாக வைத்திருங்கள். முழு பீரியடையும் எடுத்தால் பிறகு உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்காது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1963இல் தொடங்கிய நுண்கற்பித்தல் பயிற்சியிலேயே பாடத்தைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கித்தான் பார்த்தார்கள்.

பதிவு செய்த அன்றே பார்க்காதீர்கள். களைப்போடு பார்த்தால் குரல், முடி, தடுமாறிய ஒரு சொல் இவைதான் கண்ணில் படும். வெளியிலிருந்து யாரும் தீர்ப்பு சொல்லாவிட்டாலும் நமக்குள்ளேயே ஒரு கடுமையான நீதிபதி உட்கார்ந்திருப்பார். அவரை அடக்க ஒரே வழி, பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்வது. 'வகுப்பு எப்படி இருந்தது?' என்பது அதற்கு உதவாது. அது தீர்ப்பைத்தான் கேட்கிறது. எண்ணவோ அளக்கவோ முடிகிற கேள்வி வேண்டும்: கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறேன்?

இந்தக் கேள்வியைச் சும்மா சொல்லவில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். 3 விநாடி காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவது குறைந்தது.

இதை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அளக்கலாம். போன் பதிவு எம்4ஏ வடிவில் இருந்து திறக்க மறுத்தால், எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற துணை மென்பொருளையும் நிறுவ வேண்டும். ஃபைலைத் திறந்ததும் ஒலி அலையாகத் தெரியும். ஓடவிட்டுக் கேளுங்கள், ஒவ்வொரு கேள்வி முடியும்போதும் கன்ட்ரோல் எம் அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். பிறகு ஒவ்வொரு குறிக்கும் போய்ப் பெரிதாக்கி, ஆசிரியர் குரல் அடங்கும் இடத்திலிருந்து அடுத்த குரல் எழும் இடம்வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். கீழே தேர்வின் தொடக்க, முடிவு நேரங்கள் தெரியும்; அங்கேயே நீளத்தைக் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். பத்துக் கேள்விகள் அளந்தால் போதும். அடுத்த குரல் மாணவருடையதா, நம்முடையதேயா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பல பதிவுகளில் மௌனத்தை முதலில் உடைப்பது ஆசிரியர்தான்.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகளை இந்த அளவைக்கு நம்ப வேண்டாம். விஸ்பர் போன்றவை தமிழைப் புரிந்துகொள்கின்றன. ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் தடுமாறும், தூரத்துக் குரலை விட்டுவிடும். மௌனம் வந்த இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தைச் சில சமயம் தானே போட்டும்விடும். நாம் தேடுவதே அந்த மௌனத்தைத்தானே.

எழுத்து வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுப்பதானால் முதலில் பெயர்களை நீக்கி மா1, மா2 என்று மாற்றுங்கள். கேட்பதை இப்படிக் கேளுங்கள்: 'பாராட்ட வேண்டாம், குறை சொல்ல வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். நான் கேட்ட கேள்விகளை அப்படியே வரிசைப்படுத்து. அடுத்துப் பேசியது யார் என்று குறி. கடைசியில் என்னிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேள்.' இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் புகழ்ந்து தள்ளும். புகழ்ச்சியும் தீர்ப்புதான், அடுத்த முறை அது குறைந்தால் மனம் சுருங்கும். அது சொல்லும் எண்ணிக்கைகளை ஒருமுறை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சக ஆசிரியருடன் பார்ப்பது தனியாகப் பார்ப்பதைவிடப் பயன் தரும். மூன்று நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி அதை மட்டும் காட்டுங்கள். எந்தத் துண்டு என்பதைப் பதிவின் உரிமையாளரே தேர்வு செய்யட்டும். குறிப்பெழுதும் தாளில் மூன்றே கட்டம்: நேரம், கண்டது, கேட்க நினைப்பது. மதிப்பெண்ணுக்கோ நட்சத்திரத்துக்கோ கட்டம் இருந்தால் யாராவது நிரப்பத்தான் செய்வார்கள். 'விளக்கம் குழப்பமாக இருந்தது சார்' என்பது தீர்ப்பு. '2:10இல் மூன்று பேர் பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள். அப்போது போர்டில் என்ன இருந்தது?' என்பது குறிப்பு. முதலில் பேச வேண்டியது வகுப்பெடுத்தவர்.

பார்த்து முடித்தபின் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுவது. இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில், அதே பீரியடில், அதே வகைப் பாடத்தில் இன்னொரு பதிவு எடுத்து, மறுபடி பத்துக் கேள்விகளை அளந்து பாருங்கள். காலை முதல் பீரியடையும் மதியக் கடைசிப் பீரியடையும் ஒப்பிட்டால் பிள்ளைகளின் சோர்வைத்தான் அளந்திருப்பீர்கள். அந்த எண்களை இன்னொரு ஆசிரியரின் எண்களோடு சேர்த்து ஒரே அட்டவணையில் போடாதீர்கள். போட்ட மறுநிமிடமே அது தரவரிசைப் பட்டியலாகிவிடும்.