தீர்க்கதரிசிகளை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் புதன் பின்னேரங்களில் வேதம் வாசிக்கிறோம். புதிதாக நடத்துபவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயங்கள்.

முதலில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 1, 2 அதிகாரங்களைச் சத்தமாக வாசியுங்கள். தமஸ்கு, காசா, தீரு என்று அயலவர்களுக்குத் தண்டனை வரும்வரை எல்லாரும் தலையாட்டுவார்கள். கடைசியில் சொந்த மக்களான யூதாவும் இஸ்ரவேலும் வரும். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள்.

எரேமியா 29:11, நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்லும் கலண்டர் வசனம். அதற்கு முந்தின வசனத்தில், அதற்கு முன் பாபிலோனில் 70 வருஷம் என்று இருக்கிறது. அதையும் சேர்த்தே வாசியுங்கள்.

எரேமியா 32க்கு ஒரு முழு மாலை வேண்டும். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து, கடவுள் சொன்னபடி, தன் சொந்த ஊரான ஆனதோத்தில் தகப்பனின் சகோதரன் மகனுடைய காணியை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார்! சாட்சி வைத்து, வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, காணி உறுதியை, அதாவது பத்திரத்தை, மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். வாங்கிய பிறகு, "நகரமே போகிறது, என்னைக் காணி வாங்கச் சொல்கிறீரே" என்ற தொனியில் ஜெபம் வேறு. அந்த 25ஆம் வசனத்தைத் தவறவிடாதீர்கள்.

இந்த இடத்தில் நான் அம்மாவின் பால்மா ரின்னைத் திறப்பேன். 2009இல் சாமான் எல்லாம் விட்டுப்போட்டு வந்தபோது, பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி மட்டும் அதற்குள் இருந்தது. ஒரு மூலையில் மழைத்தண்ணி பட்டு நொத்தாரிசின் கையெழுத்து நீலமாகப் பரவியிருக்கும். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் மேசையில் வையுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ஒவ்வொருவராகத் தங்கள் காணிக்கதையைத் தொடங்குவார்கள். சரி, அன்றைக்கு ஜெபம் பிந்தட்டும்.